பதிவேடும் மஷூராவும்

ஆண்டுதோறும் மே, ஜூன் மாதங்களில் கும்மிடிப்பூண்டி, பொன்னேரி, திருவள்ளூர் முதலிய வட்டாட்சியர் அலுவலகங்களில் ஜமாபந்தி நடைபெறுகிறது. கிராமங்களின் அடங்கல், சிட்டா முதலான கணக்குகள் மேசைமீது வைக்கப்பட்டுத் தணிக்கை செய்யப்படுகின்றன. பந்தலின் கீழ் மக்கள் மனுக்களோடு காத்திருக்கின்றனர். ஒருவருக்குப் பட்டாவில் தந்தையின் பெயர் பிழையாக இருக்கிறது. இன்னொருவருக்கு விற்ற நிலம் இன்னும் பழைய பெயரிலேயே நிற்கிறது. கணவனை இழந்த ஒரு பெண்ணுக்கு வாரிசுச் சான்று வேண்டியிருக்கிறது. எழுதப்பட்டவர்கள், தங்களைப் பற்றி எழுதப்பட்டிருப்பதைச் சரிபார்க்கும் நாட்கள் அவை.

ஜமாபந்தி என்னும் சொல்லில் அரபியும் பாரசீகமும் கலந்துள்ளன. அந்தக் கணக்குகளின் தலைப்பில் 'பசலி 1434', 'பசலி 1435' என்று ஆண்டு குறிக்கப்பட்டிருப்பதைக் காணலாம். தமிழக அரசின் நிலக்கணக்கு இன்றும் பின்பற்றும் அந்த ஆண்டு, நபி (ஸல்) அவர்களின் ஹிஜ்ரத்திலிருந்து கிளைத்த ஒன்று. பதிவேடு என்பது நம் மார்க்கத்துக்கும் வரலாற்றுக்கும் அயலான பொருளன்று. அதை எப்படி அமைப்பது, யாரைக் கேட்டு அமைப்பது என்பதற்கும் நம் முன்னோரிடம் முன்மாதிரிகள் உண்டு, எச்சரிக்கைகளும் உண்டு.

எந்த ஷஅபான்?

இரண்டாம் கலீஃபா உமர் (ரலி) அவர்களின் காலத்தில் இஸ்லாமிய ஆட்சி அரபு நாட்டின் எல்லை கடந்து விரிந்தது. மதீனாவிலிருந்து பஸராவுக்கும் கூஃபாவுக்கும் ஷாமுக்கும் கடிதங்கள் சென்றவண்ணம் இருந்தன. பஸராவின் ஆளுநராக இருந்த அபூமூஸா அல்அஷ்அரீ (ரலி) அவர்கள், தமக்கு வரும் கடிதங்களில் தேதி இல்லாமையால் எது முந்தியது, எது பிந்தியது என்று அறிய இயலவில்லை எனக் கலீஃபாவுக்கு எழுதினார்கள். ஷஅபான் மாதத்தில் தீர்க்க வேண்டியதெனக் குறித்த கடன் பத்திரம் ஒன்று உமர் (ரலி) அவர்களிடம் வந்ததாகவும், 'இது எந்த ஷஅபான்? சென்றதா, நடப்பதா, வரப்போவதா?' என்று அவர்கள் வினவியதாகவும் மற்றோர் அறிவிப்பு கூறுகிறது.

குறை சொன்னவர் அந்தக் கடிதங்களை நாள்தோறும் கையாண்டவர். கலீஃபா அதைப் புகாராகக் கருதி ஒதுக்கவில்லை. தாமே ஒரு முறையை வகுத்து ஆணையாக அனுப்பவும் இல்லை. தோழர்களைக் கூட்டி மஷூரா செய்தார்கள். ரோமர் கணக்கைக் கொள்ளலாம் என்றனர் சிலர்; பாரசீகர் கணக்கு என்றனர் வேறு சிலர். நபியவர்களின் பிறப்பு, நபித்துவம், மறைவு ஆகியவையும் தொடக்கமாக முன்மொழியப்பட்டன. ஹிஜ்ரத்தைத் தொடக்கமாகக் கொள்ளும் கருத்து நிலைபெற்றது; அதை முன்மொழிந்தவர் அலீ (ரலி) என்பது பரவலான அறிவிப்பு. ஹிஜ்ரி 17ஐ ஒட்டி, அதாவது கி.பி. 638 அளவில், இது நடந்தது. உலக முஸ்லிம்கள் இன்று புழங்கும் ஆண்டுக் கணக்கு, ஓர் அலுவலகக் குறையிலிருந்து பிறந்து, கலந்தாலோசனையில் வளர்ந்தது.

திவானும் ஒரு குழந்தையின் அழுகையும்

சில ஆண்டுகளுக்குப் பின், ஹிஜ்ரி 20 அளவில், பைத்துல்மாலுக்குப் பெருஞ்செல்வம் வந்து சேர்ந்தது. அதை மக்களுக்குப் பங்கிட வேண்டும். அப்போதும் மஷூரா நடந்தது. யார் பெற்றார், யார் பெறவில்லை என்று கணக்கிடாவிட்டால் குழப்பம் நேரும் என்று உஸ்மான் (ரலி) அஞ்சினார்கள். ஷாம் நாட்டில் மன்னர்கள் திவான் என்னும் பதிவேடு வைத்திருப்பதைத் தாம் கண்டதாக வலீத் இப்னு ஹிஷாம் கூறினார். குறைஷியரின் வமிசங்களை நன்கறிந்த அகீல் இப்னு அபீதாலிப், மக்ரமா இப்னு நவ்ஃபல், ஜுபைர் இப்னு முத்இம் ஆகிய மூவரிடம் எழுதும் பணி ஒப்படைக்கப்பட்டது.

அவர்கள் எழுதிவந்த முதல் வரிசையில் நபிகளாரின் குடும்பத்துக்கு அடுத்ததாக அபூபக்ர் (ரலி) அவர்களின் குலமும், அதற்கடுத்து உமரின் குலமும் இருந்தன. உமர் (ரலி) அதை ஏற்கவில்லை. நபியவர்களுக்கு உறவில் நெருங்கியவர்களிலிருந்து வரிசைப்படுத்தி, தம் குலத்தை அது விழும் இடத்தில் வைக்கச் சொன்னார்கள். அவர்களுடைய குலத்தார் வந்து முறையிட்டும் மாற்றவில்லை.

ஆயினும் அத்துணை நேர்மையோடு அமைந்த ஏட்டிலும் ஒரு விதி பிழைபட்டது. பால்குடி மறந்த குழந்தைக்கே உதவித்தொகை என்று விதித்திருந்தார்கள். ஓரிரவு மதீனாவில் வந்து தங்கியிருந்த வணிகக் கூட்டத்தாருக்கு உமர் (ரலி) அவர்களும் அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களும் காவல் நின்றபோது, ஒரு குழந்தை ஓயாது அழுவதைக் கேட்டார்கள். மும்முறை சென்று தாயிடம் கேட்டபோது, கேட்பவர் யாரென அறியாமலேயே அவள் உண்மையைச் சொன்னாள்: பால் மறந்த பிள்ளைக்குத்தான் உமர் தொகை எழுதுகிறார், அதனால் உரிய காலத்துக்கு முன்பே மறக்கடிக்கிறேன். அன்றைய ஃபஜ்ருத் தொழுகையில் கலீஃபாவின் ஓதல் மக்களுக்குத் தெளிவாகக் கேட்காத அளவு அழுகை மேலிட்டதாக அறிவிப்பாளர்கள் கூறுகின்றனர். தொழுகை முடிந்ததும், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் தொகை உண்டு, பால்குடியை அவசரப்பட்டு நிறுத்தாதீர் என்று அறிவித்து, எல்லா மாகாணங்களுக்கும் எழுதினார்கள்.

இந்நிகழ்ச்சியை உமர் (ரலி) அவர்களின் இரக்கத்துக்குச் சான்றாகவே பலகாலும் கேட்டிருக்கிறோம். பதிவேட்டின் வரலாற்றிலும் அதற்கு இடமுண்டு. ஏட்டில் எழுதிய ஒரு சொல், வீட்டுக்குள் ஒரு குழந்தையின் வயிற்றைத் தொட்டது. அதை வகுத்த அவையில் அத்தகைய தாய் ஒருத்தி இருந்திருந்தால், அந்தச் சொல் அப்படி எழுதப்பட்டிராது. பிழை தெரிந்த மறுநாளே ஏடு திருத்தப்பட்டது.

அத்தோடு நிற்கவில்லை. குஸாஆ குலத்தாரின் திவானை உமர் (ரலி) தாமே சுமந்துகொண்டு குதைத் என்னும் இடத்துக்குச் சென்று, அக்குலத்துப் பெண்கள் ஒருவர் விடாமல் அனைவரின் கையிலும் பங்கைக் கொடுத்ததாக இப்னு ஸஅத் பதிந்துள்ளார். மக்கள் ஏட்டைத் தேடி அலையாமல், ஏடு மக்களைத் தேடிச் சென்றது.

வாசகம் சொல்பவர் யார்?

இந்த நடைமுறையின் வேர் திருக்குர்ஆனில் இருக்கிறது. அதன் மிக நீண்ட வசனமான 2:282 கடன் எழுதுவதைப் பற்றியது. நீதியோடு எழுதும் எழுத்தர் வேண்டும், சாட்சிகள் வேண்டும், சிறிதாயினும் பெரிதாயினும் எழுதச் சலிப்படையக் கூடாது, எழுத்தருக்கும் சாட்சிக்கும் இடையூறு செய்யக் கூடாது என்பன அதன் கட்டளைகள். அவற்றுள் ஒன்றை நாம் விரைந்து கடந்துவிடுகிறோம். வாசகத்தைச் சொல்ல வேண்டியவர் யார்? கடன் கொடுத்தவரல்லர், எழுத்தருமல்லர். யார்மீது பொறுப்பு விழுகிறதோ, அந்தக் கடனாளியே சொல்ல வேண்டும். அவர் சொல்ல இயலாதவராயின் அவருடைய பொறுப்பாளர் நீதியோடு சொல்ல வேண்டும்.

எழுத்தினால் கட்டுண்பவரின் வாயிலிருந்தே எழுத்து பிறக்க வேண்டும் என்பது இதன் பொருள். இந்த அளவுகோலை வைத்துக்கொண்டு நம் மண்ணின் ஏடுகளைப் பார்ப்போம்.

பசலி வந்த கதை

ஹிஜ்ரி ஆண்டு பிறை கொண்டு கணிக்கப்படுவது. சூரிய ஆண்டைவிடச் சுமார் 11 நாட்கள் குறைவு. வணக்கங்களுக்கு அதுவே உரியது. நிலவரிக்கு அதைக் கொண்டால் உழவர் துன்புறுவர்; 32 அறுவடைகளுக்கு 33 ஆண்டு வரி கேட்கப்படும். கதிர் முற்றுமுன் வரி கேட்கப்படும் கொடுமையை அப்பாஸிய கலீஃபா முஃததித் கி.பி. 895இல் உணர்ந்து, வரி தொடங்கும் நாளை ஜூனுக்குத் தள்ளிவைத்தார்.

இந்தியாவில் அக்பர் காலத்தில் இதற்காக ஏற்பட்டதே பசலி. 'ஃபஸ்ல்' என்றால் பருவம், விளைச்சல். அன்றைய ஹிஜ்ரி எண்ணை அப்படியே எடுத்துக்கொண்டு, அதன்பின் சூரிய ஆண்டாக எண்ணினர். ஷாஜஹான் காலத்தில், ஹிஜ்ரி 1046 (கி.பி. 1636) அளவில், தக்காணத்தில் அது நடைமுறைக்கு வந்தது. அதனால்தான் தென்னாட்டுப் பசலியோடு 590ஐக் கூட்டினால் ஆங்கில ஆண்டு கிடைக்கிறது. ஜூலை 1 முதல் ஜூன் 30 வரையிலான தமிழகப் பசலி ஆண்டு, கணக்கு எழுதுபவரின் வசதிக்கு முன் உழவரின் பருவத்தை வைத்துப் பார்த்ததன் விளைவு.

ஜாகீர் ஓலைகள்

நம் திருவள்ளூர் மாவட்டம் 1997இல் செங்கல்பட்டிலிருந்து பிரிந்தது. அதற்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன் அந்நிலப்பரப்பு 'ஜாகீர்' எனப்பட்டது. ஆற்காட்டு நவாப் முஹம்மது அலீ வாலாஜா 1763இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு வழங்கிய பகுதி அது. பொன்னேரியும் திருப்பாச்சூரும் அதில் அடங்கும். 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு என்னும் பொறியாளர் ஜாகீரின் 2,000க்கும் மேற்பட்ட ஊர்களை அளந்து விவரம் திரட்டினார்.

அவருக்கு ஆதாரமாக இருந்தவை ஊர்க் கணக்குப்பிள்ளைகளின் தமிழ் ஓலைகள். ஏரி, குளம், புன்செய், நன்செய், வீட்டுமனை, இன்னின்ன குடியார் எத்தனை வீடு, களத்தில் நெல்லைப் பங்கிடுமுன் யார் யாருக்கு எவ்வளவு 'மேரை', 'சுதந்திரம்' என்றெல்லாம் அவை கூறின. அவ்வோலைகளில் ஒரு பகுதி தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் பாதுகாக்கப்படுகிறது. சென்னையிலுள்ள கொள்கை ஆய்வு மையத்தின் ஆய்வாளர்கள் அவற்றை விரிவாக ஆராய்ந்துள்ளனர். கணக்குப்பிள்ளைக்கும் களத்து நெல்லிலிருந்தே பங்கு கிடைத்தது. ஆகவே ஊரார் எதை எண்ணினரோ, எதைப் பற்றி வழக்காடினரோ, அதுவே ஓலையில் ஏறியது. 1802ஆம் ஆண்டின் 29ஆம் ஒழுங்குமுறைச் சட்டம் கர்ணத்தின் கடமைகளை வரையறுத்தது. பரம்பரைக் கர்ணம் முறை 1980இல் ஒழிந்து கிராம நிர்வாக அலுவலர் வந்தார். ஏடு மெல்ல மெல்ல ஊரின் கையிலிருந்து அரசின் கைக்குச் சென்ற வரலாறு இது.

இவ்விடத்தில் நாம் ஊரின் பெருமையை மட்டும் பேசி முடித்துவிடலாகாது. அந்த ஓலைகளுக்கு வாசகம் சொன்னவர்கள் யார்? மிராசுதாரர்களும் கணக்குப்பிள்ளைகளும். நிலத்தில் உழைத்த படியாட்களின் வீடுகள் எண்ணப்பட்டன. அவர்களின் சொல் கேட்கப்படவில்லை. அதன் விளைவு நூறாண்டு நீடித்தது. 1891இல் செங்கல்பட்டு ஆட்சியர் ட்ரெமென்ஹீர், பறையர் மக்களின் நிலையை ஆராய்ந்து அரசுக்கு ஓர் அறிக்கை தந்தார். மிராசு உரிமை என்று ஏட்டில் நின்றது, உழைக்கும் மக்கள் தரிசு நிலத்தையும் குடியிருக்கும் மனையையும் தம் பெயரில் பெறுவதற்குத் தடையாக நின்றதை அது வெளிப்படுத்தியது. அவ்வறிக்கையைத் தொடர்ந்தே பஞ்சமி நிலம் எனப்படும் ஒதுக்கீடு பிறந்தது. ஊரைக் கேட்டு எழுதினோம் என்பது மட்டும் போதாது. ஊரில் யாரைக் கேட்டோம் என்பதும் வினாவே.

காஜியாரின் ஏடு

அதே வினா நம் சமுதாய ஏட்டுக்கும் பொருந்தும். காஜிகளை அரசு நியமிக்கும் முறையை 1864ஆம் ஆண்டின் சட்டம் நிறுத்தியது. திருமணம் முதலியவற்றை முறைப்படி நடத்தவும் பதியவும் காஜியாரை நாடிய மக்கள் இடர்ப்பட்டனர். சர் சையித் அஹ்மத் கான் வைஸ்ராயின் சட்டமன்றத்தில் கொணர்ந்த மசோதா, 1880இல் காஜிகள் சட்டமாயிற்று. அது முதற்கண் சென்னை மாகாணத்துக்கே உரியதாக இருந்தது. ஒரு வட்டாரத்து முஸ்லிம்கள் கணிசமானோர் விரும்பினால், அங்குள்ள முஸ்லிம் பிரமுகர்களைக் கலந்தாலோசித்த பின் அரசு காஜியை நியமிக்கலாம் என்று அச்சட்டம் கூறுகிறது. கலந்தாலோசனையைச் சட்டத்திலேயே எழுதியது பாராட்டத்தக்கது. ஆனால் அங்கும் கேட்கப்பட்டவர்கள் பிரமுகர்களே. நிகாஹ் ஏட்டில் யாருடைய வாழ்வு எழுதப்படுகிறதோ, அந்தப் பெண்களை யாரும் கேட்கவில்லை.

இத்தனைக்கும் நம் பெண்கள் எழுத்தறியாதவர்களாக இருக்கவில்லை. காயல்பட்டினம், கீழக்கரை முதலாகப் பழவேற்காடு வரையிலான கடற்கரை ஊர்களில், குர்ஆன் ஓதக் கற்ற கையோடு அரபுத்தமிழ் படித்தவர்கள் அவர்கள். தமிழ் எழுத்து அறியாதவரும் அரபு எழுத்தில் தமிழை வாசித்தனர். பயன்படுத்துவோர் அறிந்த எழுத்தில் எழுதுவது என்னும் அறிவை அன்றே நாம் பெற்றிருந்தோம்.

இன்று, நம் பகுதியில்

2009 முதல் தமிழகத்தில் எல்லாத் திருமணங்களும் அரசில் பதிவு செய்யப்பட வேண்டும். 2025 ஜூன் 6 அன்று வக்ஃபு சொத்துகளுக்கான உமீத் இணையதளம் தொடங்கப்பட்டு, ஆறு மாதத்துக்குள் அனைத்தையும் ஏற்றக் கூறப்பட்டது. பல மாநிலங்களின் முத்தவல்லிகள் தொழில்நுட்ப இடர்களைச் சொல்லி உச்ச நீதிமன்றம் வரை சென்றனர். கால நீட்டிப்புக்குத் தீர்ப்பாயங்களை அணுகுமாறு நீதிமன்றம் கூறியது. பழைய பத்திரங்களைக் கையில் வைத்திருப்பவரை முதலிலேயே அமர்த்திக் கேட்டுக் கட்டங்களை அமைத்திருந்தால் பல இடர்கள் முளையிலேயே தீர்ந்திருக்கும் என்று நாம் கருதுவது நியாயமே.

அந்த நியாயத்தை நம் பக்கமும் திருப்ப வேண்டும். நம் ஜமாஅத்துகளிலும் பழைய தஃப்தர்கள் கணினிக்கு மாறி வருகின்றன. அந்த மென்பொருளின் கட்டங்களை யார் தீர்மானிக்கிறார்கள்? தலைவர், செயலாளர், பொருளாளர், கணினி தெரிந்த ஓர் இளைஞர். இவர்களின் உழைப்பை அல்லாஹ் பொருந்திக்கொள்வானாக. ஆனால் ஏட்டினால் கட்டுண்பவர்கள் அந்த அறையில் இல்லை.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டைச் சூழ்ந்த ஊர்களை எண்ணிப் பாருங்கள். தென்மாவட்டங்களிலிருந்து வந்து வாடகைக்கு இருக்கும் குடும்பங்கள் உண்டு. பீகார், வங்காளம், அஸ்ஸாம் முதலிய மாநிலங்களிலிருந்து வந்து தொழிற்கூடங்களில் உழைக்கும் சகோதரர்கள் உண்டு. ஜும்ஆவில் நம்மோடு தோள்சேர்ந்து நிற்கும் இவர்கள், தலைக்கட்டு அடிப்படையில் அமைந்த ஏட்டில் எங்கே வருவர்? வேலையிடத்தில் ஒருவர் இறந்துபோனால், சொந்த ஊரில் யாருக்குத் தெரிவிப்பது என்பதற்கு ஒரு கட்டம் உண்டா? தலைக்கட்டு கணவர் பெயரில் மட்டும் இருந்தால், அவர் மறைந்தபின் அந்த வீடு ஏட்டில் என்னவாகிறது? தலாக்கோ குல்ஃவோ ஆகித் தாய்வீடு திரும்பிய பெண்ணின் நிலை எங்கே எழுதப்படுகிறது? மறுமணத்துக்கு ஜமாஅத் கடிதம் கேட்டு அவள் வந்து நிற்கும் நாளில்தான் அந்த வெற்றிடம் நம் கண்ணில் படுகிறது.

மஹரை எடுத்துக்கொள்வோம். கொடுக்கப்படாத மஹர் கணவன்மீது நிற்கும் கடன். அப்படியாயின் 2:282 காட்டும் ஒழுங்கு அதற்கும் வேண்டும். எவ்வளவு, என்ன பொருளாக, உடனே கொடுக்கப்பட்டதா, தவணையா, தவணையானால் எப்போது என்று கணவன் வாயால் சொல்லி எழுதப்பட வேண்டும். படித்துக் காட்டப்பட்ட பின் மணமகள் ஒப்பமிட வேண்டும். நகல் ஒன்று அவள் கையில் இருக்க வேண்டும். பெண்களைக் கேட்டு அமைக்கும் ஏட்டில் இக்கட்டங்கள் தாமாகவே வந்து சேரும்.

ஆகவே ஒரு வேண்டுகோள். புதிய ஏட்டையோ மென்பொருளையோ அமைக்குமுன், நிர்வாகம் ஒரு மாலை மஷூராவுக்கு ஒதுக்கட்டும். கணவனை இழந்த சகோதரி ஒருவரையும், மணமாகி மூன்று ஆண்டுக்குள் இருக்கும் பெண் ஒருவரையும், வெளிமாநிலத் தொழிலாளி ஒருவரையும், மையத்துக் காரியங்களைக் கவனிக்கும் மோதினாரையும் அழைத்து அமர்த்துங்கள். நீங்கள் ஜமாஅத்தின் ஏட்டை எதற்காகத் தேடி வந்தீர்கள், எது கிடைக்கவில்லை, எதை எழுதினால் உங்கள் மானம் குறையும் என்று கேளுங்கள். மூன்றாவது கேள்வியை விட்டுவிடாதீர்கள். உதவி பெறுவோர் பட்டியலை யார் யார் பார்க்கலாம் என்பதும் அமைப்பின் ஒரு பகுதியே. சில மாதம் நடத்திப் பார்த்துவிட்டு அவர்களையே மீண்டும் அழையுங்கள். பிழை தெரிந்தால் திருத்துவதில் தாழ்வில்லை. திருத்தியவர் உமர் (ரலி).

நம் செயல்கள் யாவும் பதியப்படும் ஏடு ஒன்று உண்டு என்று ஈமான் கொண்டவர்கள் நாம். மறுமையில் அந்த ஏடு அவரவர் கையிலேயே கொடுக்கப்பட்டு, நீயே படித்துப் பார் என்று சொல்லப்படும் எனத் திருக்குர்ஆன் அறிவிக்கிறது. யாவும் அறிந்த இறைவனே, எழுதப்பட்டவனிடம் ஏட்டைக் காட்டுகிறான். நம் கையிலிருக்கும் சிறு ஏடுகளையும் எழுதப்பட்டவர்கள் படித்து, 'ஆம், இது நான்தான்' என்று சொல்லும்படி அமைக்க அல்லாஹ் நமக்குத் தவ்ஃபீக் செய்வானாக. ஆமீன்.